அலங்கம் கட்டுகிறவன் வீட்டுக் கடன்



எழுப்புதல் கூட்டம் என்று நோட்டீஸ் அடித்துவிட்டால் நாம் நெகேமியாவை எடுக்காமல் விடுகிறதில்லை. முதலாம் அதிகாரத்தில் அவர் உட்கார்ந்து அழுது உபவாசித்தது ஒரு நாள் செய்தி. நாலாம் அதிகாரத்தில் ஒரு கையில் வேலையும் மறு கையில் ஆயுதமும் மறுநாள் செய்தி. ஆறாம் அதிகாரத்தில் 52 நாளில் அலங்கம் கட்டி முடிந்தது, அது கடைசி நாள். ஜனங்கள் கை தட்டி அல்லேலூயா சொல்லி வீட்டுக்குப் போவார்கள். நாலுக்கும் ஆறுக்கும் நடுவே ஒரு அதிகாரம் இருக்கிறதே, பிரியமானவர்களே, அது எங்கே போயிற்று? பதினெட்டு வருஷ ஊழியத்தில் நான் அதை ஒரு தடவைகூட பிரசங்கித்ததில்லை. சொல்ல வெட்கமாய்த்தான் இருக்கிறது.

ஐந்தாம் அதிகாரத்தில் அலங்கம் கட்டுகிறவர்கள் கூக்குரலிடுகிறார்கள். சத்துரு வந்ததால் அல்ல. பஞ்சத்தில் நிலத்தையும் திராட்சத்தோட்டத்தையும் வீட்டையும் அடகு வைத்துவிட்டார்கள். ராஜாவுக்குத் தீர்வை கட்ட கடன் வாங்கினார்கள். பிள்ளைகளை அடிமைகளாக ஒப்புக்கொடுக்கிற நிலைமை. பெண்ஜாதிகளும் சேர்ந்து கூப்பிட்டார்கள் என்று வேதம் தனியாகச் சொல்லுகிறது; வீட்டில் அரிசி இல்லாதது முதலில் தெரிவது அவர்களுக்குத்தானே. கடன் கொடுத்தது யார்? அந்நியன் இல்லை. சொந்தச் சகோதரர். பகலில் அதே அலங்கத்துக்கு உதவுகிற பிரபுக்கள், சாயந்தரம் வட்டிக்கு ஆள் அனுப்பினார்கள்.

இதை நான் கண் திறந்து வாசித்தது எப்போது என்று சொல்லுகிறேன்.

அன்னூர் பக்கம் நம்முடைய சிறிய சபையில் ஒரு சகோதரி. நல்ல ஜெபவீராங்கனை. புருஷன் விசைத்தறிக்குப் போகிறவர். மூன்று வாரம் அந்தச் சகோதரி ஆராதனைக்கு வரவில்லை. நான் என்ன செய்தேன்? பின்மாற்றம் என்று முடிவுகட்டி, தேமாவைப் பற்றி ஒரு பிரசங்கம் பண்ணிவிட்டேன், அவர்கள் உட்காருகிற காலி இடத்தைப் பார்த்துக்கொண்டே. நாலாவது வாரம்தான் வீட்டுக்குப் போனேன்.

"ஏனுங் சகோதரி, சபைப் பக்கமே காணமே, ஒடம்புக்கு சரியில்லீங்களா?"

"ஒடம்புக்கு ஒண்ணுமில்லீங் ஐயா. காணிக்கைப் பை வாரப்ப கையில ஒண்ணும் இல்லாம உக்காந்திருக்கறது கூச்சமாருக்குதுங்க."

காதைப் பார்த்தேன். தோடு இல்லை, வேப்பங்குச்சி இருந்தது. மெதுவாய்க் கேட்டபோது எல்லாம் வந்தது. குழு லோன் மூன்று. செவ்வாய்க்கிழமை ஒன்று, வியாழன் ஒன்று, சனி ஒன்று. ஒன்றை அடைக்க இன்னொன்று வாங்கினது. அதுவும் பத்தாமல் புரோ நோட்டு எழுதிக் கொடுத்து பத்து வட்டிக்கு ஒருவரிடம் வாங்கியிருக்கிறார்கள். யாரிடம் என்றேன். தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"அவரும் நம்ம சபைதானுங்க ஐயா."

தேவ ஜனமே, அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை. அந்தச் சகோதரர் தசமபாகம் தவறாதவர். நம் சபையின் ஸ்பீக்கர் செட் அவர் வாங்கிக் கொடுத்தது. அந்த ஸ்பீக்கரில்தான் நான் தேமாவைப் பற்றிப் பேசினேன்.

அந்த நாட்களில்தான் கர்த்தர் ஒரு மனிதனை எனக்கு ஞாபகப்படுத்தினார். சேலத்துக்காரர், நம்ம கொங்குச் சீமையில் பிறந்தவர். ஆனால் நம் சபைகளில் அவர் பெயர் தெரிந்தவர்கள் கொஞ்சம். கனகராயன் திருச்செல்வம் பால். கே.டி. பால் என்பார்கள். 1876 மார்ச் 24-ல் பிறந்தார். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தவர். குருப்பட்டம் பெறாத சாதாரண விசுவாசி. என்னைப் போன்றவர்களுக்கு அது ஒரு ஆறுதல்.

1905-ம் வருஷம் கிறிஸ்துமஸ் தினத்தில், செராம்பூரில் வில்லியம் கேரியின் நூலகத்தில், இந்தியரின் பணம், இந்தியரின் ஆட்கள், இந்தியரின் நிர்வாகம் என்று ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். அதுதான் தேசிய மிஷனெரி சங்கம். வேதநாயகம் அசரியா ஐயர் முதல் செயலாளர்; பிற்பாடு தோர்ணக்கல் பேராயர் ஆனார். அவருக்குப் பின் 1909-ல் பொறுப்பேற்றவர் கே.டி. பால். சுவிசேஷ வேலைக்காக ஊர் ஊராய்ச் சுற்றினவர் கண்டது என்ன? கிராமத்தில் விசுவாசிகள் இருக்கிறார்கள், பாட்டு இருக்கிறது, ஜெபம் இருக்கிறது. கூடவே தலைமுறை தலைமுறையாய் அடையாத கடனும் இருக்கிறது. அப்பன் வாங்கினதுக்கு மகன் உழைக்கிறான். அப்படிப்பட்டவன் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வரவேண்டும் என்றாலும் அவன் நேரம் அவன் கையில் இல்லை.

ஒய்.எம்.சி.ஏ. என்றால் நமக்கு என்ன ஞாபகம் வருகிறது? ஹாஸ்டல், பாஸ்கெட்பால், 1920-ல் ஆரம்பித்து இன்று நந்தனத்தில் இருக்கிற உடற்பயிற்சிக் கல்லூரி. அந்தக் காலத்திலும் அது பட்டணத்து வாலிபரின் இயக்கம்தான். இந்திய ஜனங்களில் பத்தில் ஒன்பது பேர் கிராமத்தில் இருக்கும்போது நமக்கு டவுனில் மட்டும் என்ன வேலை என்று கேட்டவர் கே.டி. பால். 1913-ல் கிராம வேலையை ஆரம்பித்தார். 1916-ல் அந்த இயக்கத்துக்கே தேசியப் பொதுச் செயலாளர் ஆனார். அந்த ஸ்தானத்துக்கு வந்த முதல் இந்தியர்.

அவர் ஆரம்பித்த விதத்தைக் கவனியுங்கள். அரிசி மூட்டை கொண்டுபோகவில்லை, கணக்குப் புஸ்தகம் கொண்டுபோனார். கூட்டுறவுக் கடன் சங்கம்! இதற்கு ஒரு முன்கதை உண்டு. ஜெர்மனியில் ரைபைசன் என்று ஒரு ஊர்த் தலைவர், 1818-ல் பிறந்தவர், பக்தியுள்ள கிறிஸ்தவர். பஞ்ச காலத்தில் முதலில் ஏழைகளுக்கு ரொட்டி கொடுக்க ஏற்பாடு பண்ணினார். பிறகு, தர்மம் ஓய்ந்தால் பசி திரும்பி வருகிறது என்று கண்டு, ஏழைகளே சேர்ந்து ஒருவருக்கு ஒருவர் ஜாமீன் நிற்கிற சங்கங்களை உண்டாக்கினார். நம் கோயம்புத்தூர் ஜில்லா மானுவலை 1887-ல் எழுதின நிக்கல்சன் துரைதான் இதை ஆராய்ந்து சென்னை அரசாங்கத்துக்கு அறிக்கை கொடுத்தவர். திட்டம் இருந்தால் போதாது, ரைபைசனைப் போன்ற ஒரு ஆளைத் தேடிக் கண்டுபிடிக்கவேண்டும் என்பதே அவர் அறிக்கையின் முடிவு. 1904-ல் சட்டம் வந்தது. ஆள் யார்? அப்படிப்பட்ட ஆட்களில் ஒருவராக கே.டி. பாலைக் கர்த்தர் எழுப்பினார் என்று நான் நம்புகிறேன்.

அந்தச் சங்கம் எப்படி நடக்கும் என்றால், ஒரு ஊருக்கு ஒரு சங்கம், ஒருவரை ஒருவர் அறிந்த கொஞ்சம் பேர். சொத்து அல்ல, நடத்தைதான் ஜாமீன். ஒருவன் கட்டாவிட்டால் எல்லாரும் பொறுப்பு. ஆகையால் அவன் எதற்குக் கடன் வாங்குகிறான், மாடு வாங்கவா, காதுகுத்துக்கு விருந்து போடவா என்று மற்றவர்கள் கேட்பார்கள். கேட்க அதிகாரம் உண்டு. கிராமச் சங்கங்களுக்குப் பணம் வரவேண்டுமே என்று சென்னையில் கிறிஸ்தவ மத்திய கூட்டுறவு வங்கி ஏற்பட்டதிலும் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

நம் கோயம்புத்தூர் ராமநாதபுரத்திலேயே ஒய்.எம்.சி.ஏ.யின் கிராம சீரமைப்பு மையம் இருந்தது. இன்று திருச்சி ரோட்டில் மேம்பாலத்தில் விர்ரென்று போகிறோமே, அந்த இடம் அன்று கிராமம். மார்த்தாண்டத்திலும் ஒரு மையம். அங்கே ஸ்பென்சர் ஹாட்ச் என்கிற அமெரிக்கர் தேனீப் பெட்டி, நல்ல ஜாதிக் கோழி, முட்டை விற்கச் சங்கம் என்று ஜனங்களோடே இருந்து பழக்கினார். மார்த்தாண்டம் தேனுக்கு இன்று புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. ஆத்துமா, புத்தி, சரீரம், பொருளாதாரம், சமுதாயம் ஆகிய எல்லாவற்றையும் சேர்த்தே தொடவேண்டும் என்பது அவர்கள் கொள்கை.

எல்லாம் ஜெயமாய் முடிந்தது என்று நான் சொல்லவரவில்லை. 1930-களில் உலகமெங்கும் விலை விழுந்தபோது விவசாயி கடனைக் கட்டமுடியாமல் சென்னை மாகாணத்துச் சங்கங்கள் அநேகம் நிலுவையில் தத்தளித்தன. கே.டி. பாலோ அதற்குள் ஓடி முடித்தார். இந்தியக் கிறிஸ்தவர்களின் பிரதிநிதியாக லண்டன் வட்டமேஜை மாநாட்டுக்குப் போய்வந்த கொஞ்ச நாளில், 1931 ஏப்ரல் 11-ல், சேலத்திலேயே கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். ஈரோட்டில் ஊழியம் செய்த பாப்லி மிஷனெரி 1938-ல் அவர் சரித்திரத்தை எழுதினார்.

ஆனாலும் விதை சாகவில்லை. பழைய சேலம் ஜில்லாவிலிருந்து 1965-ல் பிரிந்த தர்மபுரியில்தான் 1989-ல் அரசாங்கத்தின் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் ஆரம்பமாயின. ஒருவருக்கு ஒருவர் ஜாமீன் என்கிற அதே வழி. அந்த வழியைப் பிடித்துக்கொண்டு வீட்டு வாசலில் வந்து வாரவட்டி பிடிக்கிறவர்களும் இன்று உண்டு, அது வேறு விஷயம். சாமான் மாறாமல் கை மாறிவிட்டது.

"பாஸ்டர், இதெல்லாம் சமூக சுவிசேஷம், நமக்கு ஆத்தும ஆதாயம் போதும்" என்று சிலர் சொல்லுவீர்கள். பைபிள் காலேஜில் டிப்ளமா படிக்கும்போது நானும் அப்படித்தான் பரீட்சையில் எழுதினேன், மார்க்கும் வாங்கினேன். ஆனால் எலிசாவிடம் வந்த விதவையைப் பாருங்கள் (2 இராஜாக்கள் 4). தீர்க்கதரிசியின் புத்திரரில் ஒருவனுடைய மனைவி. ஊழியக்காரன் வீட்டுக் கடன், தேவ ஜனமே! எலிசா தலையில் கை வைத்து அனுப்பிவிடவில்லை. வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டார். அயல்வீட்டாரிடம் பாத்திரம் கேட்டு வாங்கச் சொன்னார். எண்ணெயை விற்று முதலில் கடனை அடைக்கச் சொன்னார். அற்புதமும் நடந்தது, கணக்கும் நேரானது.

நெகேமியாவுக்கு வருகிறேன். நூற்றுக்கு ஒன்று வட்டியைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார். அது மாதத்துக்கு என்று வேதபண்டிதர் பலர் சொல்லுகிறார்கள். அப்படியானால் வருஷத்துக்கு 12. பத்து வட்டி என்றால் வருஷத்துக்கு 120. தமிழ்நாட்டில் 2003-லேயே கந்துவட்டித் தடைச் சட்டம் வந்துவிட்டது. சட்டத்துக்குத் தெரிந்தது சபைக்குத் தெரியவேண்டாமா? இன்னொன்று: நெகேமியா கோபம் கொண்டவுடனே பேசவில்லை, முதலில் தன் மனதில் ஆலோசனை பண்ணினார். பேசும்போது, நானும் என் சகோதரரும் என் வேலைக்காரரும் கடன் கொடுத்திருக்கிறோம் என்று தன்னையும் சேர்த்துக்கொண்டார். பன்னிரண்டு வருஷம் அதிபதிக்குரிய படியை வாங்காதவர் அவர். ஆகையால் அவர் பேச்சு எடுபட்டது.

நான் அந்தச் சகோதரரைத் தனியே பார்க்கப் போனபோது நெகேமியாவைப் போலக் கடிந்துகொள்ள எனக்குத் தகுதி இல்லை. "அண்ணா, அந்த வட்டியில வந்த ஸ்பீக்கர்ல நானும் பேசியிருக்கறேன். என் தப்பும் இருக்குது" என்றுதான் ஆரம்பித்தேன். அவருக்குக் கோபம் வந்தது. "நான் போயி யாரையும் கூப்புட்டுக் குடுக்கலீங்க பாஸ்டர், அவங்களா வந்து கேட்டாங்க" என்றார். அதுவும் உண்மைதான். நாங்கள் யாரும் கொடுக்காதபோது அவர் ஒருவர்தானே கொடுத்தார். ஆறு வாரம் ஜெபித்தோம். ஒரு சாயந்தரம் அவரே வந்தார். இரண்டு மூப்பர்கள் முன்பாக வட்டியைத் தள்ளி, அசலைத் தவணையில் வாங்கிக்கொள்ள ஒப்புக்கொண்டு, நோட்டைக் கிழித்துப் போட்டார்.

இப்பொழுது வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் முடிந்ததும் சகோதரிகள் 12 பேர் கணக்கு நோட்டோடு உட்காருகிறார்கள். சபை கடன் கொடுக்கிறதில்லை. யாருக்கு எங்கே எவ்வளவு என்று மறைக்காமல் எழுதுகிறோம், அதிக வட்டியை முதலில் அடைக்க வழி பார்க்கிறோம், பாங்கிக்கும் கூட்டுறவுச் சங்கத்துக்கும் கூடவே போகிறோம். அந்தச் சகோதரிதான் கணக்கு எழுதுகிறார்கள். மூன்று லோனில் ஒன்று தீர்ந்தது. தோடு இன்னும் அடகில்தான் இருக்கிறது. இன்னும் நாலைந்து குடும்பங்கள் தங்கள் கடனை எழுதவே வெட்கப்படுகிறார்கள், ஜெபித்துக்கொள்ளுங்கள்.

நோட்டைக் கிழித்த சகோதரர் அதற்கடுத்த ஞாயிறு முதல் ஆராதனைக்கு வருகிறதில்லை. ஸ்பீக்கரைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னேன், வேண்டாம் என்றுவிட்டார். ஞாயிறுதோறும் மத்தியானத்தில் போய்ப் பார்க்கிறேன். தண்ணீர் கொடுக்கிறார், பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேசுகிறார், சபைப் பேச்சு எடுத்தால் எழுந்து தோட்டத்துக்குப் போய்விடுகிறார். அவருக்காகவும் அவர் வீட்டாருக்காகவும் விசேஷமாய் ஜெபியுங்கள்.