தறிச் சத்தத்தில் ஓடிய படம்

பள்ளிபாளையத்தில் வளர்ந்தவர்களுக்கு விசைத்தறிச் சத்தம் காதிலேயே ஏறாது, நின்றால்தான் திடுக்கிடுவோம். எண்பதுகளில், நாமக்கல் தனி மாவட்டமாகப் பிரியாத காலத்தில், எங்கள் தெருவுக்கு ஒரே டிவி. அதுவும் தறிப்பட்டறையை ஒட்டிய வீட்டில். செய்தி, நாடகம் எதுவானாலும் வாயசைப்பைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம். சாப்ளின் வந்த அன்று மட்டும் யாருக்கும் எதுவும் குறையவில்லை. தார் சுற்றும் பாட்டி உட்பட தெருவே சேர்ந்து சிரித்தது.

அந்தப் படத்தில் சில துண்டுகள் மனதில் தங்கிவிட்டன. பனிமலைக் குடிசையில் பசி பொறுக்காமல் பூட்ஸை வேகவைத்துத் தட்டில் வைப்பார். ஆணிகளை ஒவ்வொன்றாக எடுத்து, கோழி எலும்பைப் போல உறிஞ்சுவார். இரண்டு பன்களில் முள்கரண்டிகளைக் குத்தி மேசைமேல் நடனமாடவிடுவார். பெயரைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை: 'தி கோல்ட் ரஷ்', 1925. கைபேசியிலேயே கிடைத்தது. ஆனால் நடுநடுவே எழுத்து அட்டைகள் வந்துகொண்டே இருந்தன. நான் பார்த்த படத்தில் அவை இல்லை.

ராசிபுரத்தில் இருக்கும் அக்காவைக் கேட்டேன். "அதுல ஒருத்தர் இங்கிலீஷ்ல கதை சொல்லிக்கிட்டே இருப்பாரே தம்பி! நீ தறிப் பக்கமா வாசப்படியில உக்காந்திருந்த, உனக்கு எங்க கேட்டிருக்கும்? கடைசியில முத்தமெல்லாம் கிடையாது. இருந்திருந்தா பெரியம்மா அப்பவே டிவிய நிறுத்தியிருப்பாங்க" என்றாள்.

அக்கா சொன்னதில்தான் விடை இருந்தது. 1942-இல் சாப்ளின் அதே படத்தைத் திரும்ப வெட்டி ஒட்டி வெளியிட்டார். அட்டைகளை எடுத்துவிட்டுத் தன் குரலிலேயே கதை சொன்னார், இசை சேர்த்தார், கப்பலில் வரும் கடைசி முத்தத்தையும் நீக்கினார். எங்கள் தெருவுக்கு வந்தது அந்தப் பிரதிதான் என்று இப்போது நம்புகிறேன்.

"அதான் யூடியூப்ல இருக்கே, இன்னும் என்ன தேடற?" என்கிறார்கள் நண்பர்கள். படம் பத்திரமாக இருக்கிறது, சரி. நம் பக்கத்துப் படங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. முதல் மலையாளப் பேசும்படம் 'பாலன்' 1938-இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரித்தது. இன்று ஒரு பிரதிகூட இல்லை. ஏற்காடு சாலையில் ஸ்டுடியோவின் நுழைவு வளைவு நிற்கிறது. நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த மௌனப்படம் 'கீசகவதம்' போன இடம் தெரியவில்லை. 1933-இன் 'மார்த்தாண்ட வர்மா' தப்பியது. வழக்கில் சிக்கி, திருவனந்தபுரத்துப் புத்தக நிறுவனம் ஒன்றிடம் கிடந்த பிரதியை 1974-இல் புனே திரைப்பட ஆவணக் காப்பகம் மீட்டது. அதை நிறுவி வளர்த்த பி.கே. நாயர் போன்றவர்கள் ஊர் ஊராகப் போய்க் கேட்டதால்தான் பல சுருள்கள் பிழைத்தன.

ஆனால் ஒரு தெரு சேர்ந்து ஒரு படத்தைப் பார்த்த மாலைக்குச் சுருள் ஏது? பார்த்தவர்களிடம் ஆளுக்கொரு துண்டாகத்தான் அது இருக்கிறது. குரல் அக்காவிடம் இருந்தது, பூட்ஸ் என்னிடம். சேர்த்துப் பார்த்தால்தான் அது என்ன படம் என்பதே தெரிந்தது. பெரியம்மாவும் பாட்டியும் என்ன வைத்திருந்தார்கள் என்று இனிக் கேட்க முடியாது. அது எனக்குப் பெரிய இழப்பு.

தேதி இன்னும் அகப்படவில்லை. நூலகத்தில் பழைய நாளிதழ் கட்டுகளைப் புரட்டினேன். நிகழ்ச்சி நிரலில் 'ஆங்கிலப் படம்' என்றுதான் போட்டிருக்கிறது. டிவி வைத்திருந்த மாமா இப்போது குமாரபாளையத்தில் மகன் வீட்டில் இருக்கிறார். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. டிவி வாங்கிய வருஷத்தை அவர் மறந்திருக்க மாட்டார் என்கிறாள் அக்கா. இந்த மாதமே இரண்டு பேரும் போய்க் கேட்பதாக இருக்கிறோம்.