யார் இட்ட சோறு?

“உண்ட வீட்டிற்கு இரண்டகம் நினைக்கலாமா?” என்று கேட்கிறார்கள். அலுவலகத்திலே நடக்கும் ஊழலை ஒருவன் வெளியே சொல்லிவிட்டால் போதும், பாரதத்தைப் புரட்டியே பாராதவர்கள்கூடக் கர்ணனை அழைத்துவந்து சாட்சிக் கூண்டிலே நிறுத்துகிறார்கள். செஞ்சோற்றுக் கடனாம்! எட்டப்பனாம்! சொன்னவன்மீது இத்தனை சுடுசொற்கள். சுருட்டியவன்மீது ஒரு சொல் உண்டா?

சோற்றுக் கணக்கையே பார்ப்போம்.

பீகாரிலே பிறந்து, கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திலே பயின்றவர் சத்தியேந்திர துபே. தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் பொறியாளராகத் தங்க நாற்கரச் சாலைப் பணியில் இருந்தார். பெரிய நிறுவனங்கள் பெற்ற வேலை சிறு ஒப்பந்தக்காரர்களுக்குக் கைமாறுவதையும், தரம் தாழ்வதையும் கண்டார். 2002 நவம்பரில் தலைமை அமைச்சருக்கே மடல் தீட்டினார். தம் பெயரை மறைத்துவைக்க வேண்டினார். மடலோ பெயரோடு சேர்ந்தே மேசைக்கு மேசை பயணம் செய்தது! 2003 நவம்பர் 27 அன்று விடியற்காலை, கயை நகரத் தெருவிலே சுட்டுக் கொல்லப்பட்டார். வழிப்பறிக்காரர் செயல் என்றது மத்தியப் புலனாய்வுத் துறை. 2010இல் மூவருக்கு ஆயுள் தண்டனையும் கிடைத்தது. விசையை அழுத்திய விரல் எதுவாகவேனும் இருக்கட்டும். மறைக்கச் சொன்ன பெயரை உலவவிட்ட விரல்கள் எவை? அதற்கு எந்த வழிப்பறிக்காரனும் பொறுப்பல்லவே!

துபே தின்ற சோறு யார் இட்டது? ஒப்பந்தக்காரனா? மேலதிகாரியா? தீப்பெட்டிக்கும் துணிக்கும் வரி கொடுத்த ஏழை இட்டது. பழைய அளவுகோலைக் கொண்டே அளந்தாலும், கடன் தீர்த்தவர் துபேதான். இரண்டகம் செய்தோர் வாய்மூடி இருந்தோர்.

“தனியார் ஆலையிலே முதலாளியல்லவா படியளக்கிறான்?” என்பீர்கள். அளக்கட்டும். உழைப்பை விற்றவன் மனச்சான்றையும் சேர்த்தா விற்றான்? பொறாமையால் பொய் புனைவோரும் உண்டு, மறுக்கவில்லை. அதற்குத்தான் விசாரணை; சொல்வதற்கு முன்பே நாவை அறுப்பது விசாரணையாகாது.

ஆனால், “வீரனாக இரு” என்று அவனுக்கு மட்டும் நாம் உபதேசிப்பது எவ்வகையில் நியாயம்? வாடகையும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் நம்முடையவையா? துபே மாண்டு பத்தாண்டுக்கு மேல் கழித்து, 2014இலேதான் இத்தகையோரைக் காக்கும் சட்டம் இயற்றப்பட்டது. அதை நடைமுறைப்படுத்த நாள் குறிக்காமலே மேலும் பல ஆண்டுகள் ஓடின. சட்டம் வந்தாலும் எட்டாத இடம் ஒன்று உண்டு, தம்பி: அலுவலகச் சிற்றுண்டிக் கூடம். புகார் எழுதியவன் பக்கத்திலே மறுநாள் எவரும் அமர்வதில்லை. நேற்றுவரை தோள்மேல் கை போட்டவன், இன்று தேநீர்க் குவளையை எடுத்துக்கொண்டு அடுத்த மேசைக்கு நகர்கிறான்.

உன் அலுவலகத்திலே அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் இப்போது யார் உட்கார்ந்திருக்கிறார்கள்?