மூன்றாம் மாதத்துக்குப் பிறகு

குழந்தைக்குப் புற்றுநோய் என்று தெரிந்த முதல் வாரம் வீடு கொள்ளாத கூட்டம். சித்தப்பா வருவார், அத்தை வருவாள், அப்பா வேலை பார்க்கும் பட்டறையிலிருந்து நாலு பேர் சேர்ந்து வருவார்கள். ஆப்பிள், ஹார்லிக்ஸ், கிளம்பும்போது அம்மாவின் கையில் திணிக்கும் ஐந்நூறு ரூபாய். ரத்தம் வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் போட்டால் அரை மணி நேரத்தில் பத்துப் பேர் தயார். நம் ஜனங்களுக்கு மனசில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. இரண்டாம் மாதம் வருகிறவர்கள் குறைவார்கள். மூன்றாம் மாதத்துக்குப் பிறகு, கல்யாண வீட்டிலோ கோயிலிலோ எதிர்ப்பட்டால் "இப்போ எப்படி இருக்கான்?" என்று கேட்பதோடு சரி.

பல பிள்ளைகளுக்குச் சிகிச்சையோ இரண்டு, இரண்டரை ஆண்டு ஓடும்.

குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் அதிகம் காணப்படுவது ரத்தப் புற்றுநோய். அதிலும் பெரும்பாலானது வார்டில் 'ஏ.எல்.எல்.' என்று சொல்லப்படும் வகை. முதல் மாதம் மருந்துகள் கடுமையாக இருக்கும். நரம்பில் ஒன்று, முதுகுத்தண்டில் ஒன்று, கூடவே ஸ்டீராய்டு மாத்திரை. அந்த மாத்திரையால் முகம் உப்பி, ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து "அம்மா, தோசை" என்று பிள்ளை அழும். பசி அடங்கவே அடங்காது. அதற்குப் பிறகு சில மாதங்கள் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைச்சல். கடைசியில் பராமரிப்புக் கட்டம். வீட்டிலேயே மாத்திரை, குறித்த நாளில் ரத்தப் பரிசோதனை. நாட்கணக்கில் பார்த்தால் சிகிச்சையின் பெரும்பகுதி இதுதான்.

இந்த நோயைக் குணப்படுத்த முடியும். வசதியான நாடுகளில் புற்றுநோய் கண்ட குழந்தைகளில் 80 சதவீதத்துக்கு மேல் பிழைத்துவிடுகிறார்கள். ஏழை, நடுத்தர வருமான நாடுகள் பலவற்றில் இது 30 சதவீதத்துக்கும் குறைவு என்கிறது உலக சுகாதார நிறுவனம். மருத்துவ அறிவு நம்மிடம் இல்லாமல் இல்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் அடையாறில் புற்றுநோய் மருத்துவமனை வந்தது. 1980-களில் அடையாறு, மும்பை டாடா, தில்லி எய்ம்ஸ் மூன்றும் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தோடு சேர்ந்து, நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் செய்யக்கூடிய ஒரு சிகிச்சை முறையைக் கைக்கொண்டு, பிழைக்கும் குழந்தைகளின் எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டின. ஆனாலும் பிள்ளைகள் கைநழுவிப் போகிறார்கள். நோயைத் தாமதமாகக் கண்டுபிடிப்பது, கிருமித்தொற்று என்று காரணங்கள் பல. அவற்றில் என்னை உலுக்குவது ஒன்று: சிகிச்சையைப் பாதியில் விட்டுவிடுவது.

பாசமில்லாமலா விடுகிறார்கள்? அரசுக் காப்பீட்டு அட்டை ஆஸ்பத்திரி பில்லில் பெரும்பகுதியைப் பார்த்துக்கொள்ளும். ரயிலில் ஸ்லீப்பர் வகுப்பில் நோயாளிக்குக் கட்டணமில்லை, துணைக்குச் சலுகை உண்டு. ஆனால் கள்ளக்குறிச்சிப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து அம்மா பிள்ளையோடு சென்னை வந்தால் அவளுடைய கூலி போகிறது. அப்பாவும் வந்தால் இரண்டு கூலியும் போகிறது. பஸ், ஆட்டோ, அறை வாடகை, மூன்று வேளைச் சாப்பாடு. ஊரில் விட்டு வந்த சின்னவளைப் பாட்டி பார்த்துக்கொள்கிறாள், பாட்டிக்கு முட்டிவலி. இதற்கெல்லாம் எந்த அட்டையிலும் இடமில்லை. முதலில் தோடு அடகுக்குப் போகும், அடுத்து ஆடு.

இதற்கு நடுவில் பிள்ளை தேறிவிடுகிறான். முடி முளைக்கிறது, தெருவில் ஓடுகிறான். "நல்லாத்தானே இருக்கான், இன்னும் எதுக்கு ஊசி போட்டு வதைக்கிறீங்க?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். ஒரு தடவை போகாமல் விட்டால் ஒன்றும் ஆனதாகத் தெரியாது. அடுத்த தடவையும் விட்டுப்போகும். கண்ணுக்குத் தெரியாமல் மிச்சமிருக்கும் புற்றணுக்களை ஒழிக்கத்தான் அத்தனை மாத மாத்திரை என்பது, ஓடியாடும் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருக்கும் வீட்டுக்கு எப்படிப் புரியும்? ஆள் நடமாட்டம் நின்றுபோன நேரமும் இந்தச் சலிப்பு வரும் நேரமும் ஒன்றாகவே வருகின்றன.

அப்படிப்பட்ட ஒரு வீட்டில் தினசரி காலண்டரைப் பார்த்தேன். ஒவ்வொரு தாளிலும் பேனாவால் எழுதியிருந்தது: ஒன்று, ஒன்று, ஒன்றரை, ஒன்று. அவர்களுக்குக் கிடைக்கும் மெர்காப்டோப்யூரின் மாத்திரை 50 மில்லிகிராம். பிள்ளையின் உயரத்துக்கும் எடைக்கும் கணக்குப் பார்த்து, எந்த நாளில் எத்தனை என்று டாக்டர் பிரித்துக் கொடுத்திருக்கிறார். வியாழக்கிழமைத் தாளில் மட்டும் சிவப்பு வட்டம். அது மெத்தோட்ரெக்ஸேட், வாரத்துக்கு ஒரு நாள்தான். தவறித் தினமும் கொடுத்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. எட்டாவது வரை படித்த அந்த அம்மா, பாதி மாத்திரையைத் தாளில் மடித்து அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்தில் எறும்பு வராமல் வைத்திருந்தாள். இத்தனை மாதமாக ஒரு ராத்திரிகூடத் தவறவில்லை. பெரிய ஆஸ்பத்திரியின் அத்தனை படிப்பும் கடைசியில் இந்த அடுப்படி அலமாரியை நம்பித்தான் நிற்கிறது.

அங்கிருந்து கிளம்பும்போது பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் நின்று, "அண்ணி, நாளைக்கு டெஸ்டுக்கு ஆறு மணிக்கு வண்டி எடுத்துருவேன், ரெடியா இருங்க" என்றார். அவர் மினிவேன் ஓட்டுகிறவர். வெள்ளையணு குறைந்திருக்கும் பிள்ளைக்கு ராத்திரி 100.4 டிகிரி காய்ச்சல் வந்தால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும் என்பது அவருக்கும் தெரிந்திருந்தது. தலைமாட்டில் போனை வைத்துக்கொண்டுதான் தூங்குகிறார்.

பிள்ளையோடு வீட்டையும் தாங்க வேண்டும் என்ற அறிவு உலகத்துக்கு மெதுவாகத்தான் வந்தது. அமெரிக்காவின் பிலடெல்பியாவில், ரத்தப் புற்றுநோய் வந்த மகளுக்காக ஆஸ்பத்திரியில் கிடந்த அமெரிக்கக் கால்பந்து வீரர் ஃபிரெட் ஹில், மற்றப் பெற்றோர்கள் நாற்காலியில் உறங்குவதைக் கண்டார். டாக்டர் ஆட்ரி எவன்ஸும் மற்றவர்களும் சேர, 1974-இல் குடும்பங்கள் தங்க முதல் ரொனால்டு மெக்டொனால்டு இல்லம் திறந்தது. மும்பையில் 2006-இல் தொடங்கிய செயின்ட் ஜூட் இல்லங்கள் இன்று சென்னையிலும் வேலூரிலும்கூட இருக்கின்றன. சிகிச்சைக்கு வரும் குடும்பம் வாடகையில்லாமல் தங்கலாம், தன் கையால் சமைத்துக்கொள்ளலாம். இங்கிலாந்தில், மூளைக்கட்டி அறுவைக்குப் பின் மூளை பாதிக்கப்பட்டுப் படுத்துவிட்ட ஹெலன் என்ற குழந்தையை, பெற்றோர் சற்றே மூச்சுவிடட்டும் என்று, பிரான்சிஸ் டொமினிக்கா என்ற கன்னியாஸ்திரி அவ்வப்போது தன்னிடம் அழைத்துவந்து பார்த்துக்கொண்டார். அந்த நட்பிலிருந்துதான் 1982-இல் ஆக்ஸ்போர்டில் ஹெலன் ஹவுஸ் பிறந்தது. குழந்தைகளுக்கென்றே அமைந்த முதல் அந்திமப் பராமரிப்பு இல்லம் அது.

எல்லாப் பிள்ளைகளும் பிழைப்பதில்லை. அந்த வீடுகளைச் சொல்லாமல் விட்டால் நான் எழுதியது பாதி உண்மையாகிவிடும். வலி தெரியாமல், முடிந்தால் தன் வீட்டில், அம்மாவின் பக்கத்தில் அந்தக் குழந்தை இருக்க வேண்டும். அதற்கு மார்பின் மருந்து வேண்டும், வீட்டுக்கு வரும் நர்ஸ் வேண்டும். பதினாறாம் நாள் முடிந்ததும் அங்கேயும் கூட்டம் நின்றுவிடும். பிள்ளையின் பெயரைச் சொன்னால் அம்மா அழுவாள் என்று எல்லோரும் அந்தப் பெயரையே தவிர்ப்பார்கள். அவள் அந்தப் பெயரை யாராவது சொல்ல மாட்டார்களா என்று ஏங்கிக்கொண்டிருப்பாள்.

நோய் குழந்தையின் உடம்பில் இருக்கிறது. குணமாக வேண்டுமானால் அந்த வீடு இரண்டரை ஆண்டு உடையாமல் நிற்க வேண்டும். சமைக்க ஓர் அடுப்பு, விடியற்காலை ஒரு வண்டி, சின்னவளுக்குத் தலைபின்னிப் பள்ளிக்கு அனுப்ப ஒரு கை எல்லாம் சிகிச்சையில் சேர்ந்தவை. தர்மக் கணக்கில் அவற்றை எழுதக் கூடாது. "கர்ப்பத்துல என்ன சாப்பிட்டே?", "யார் வம்சத்துல இருந்திருக்கு?" என்று அம்மாவைத் துளைக்காமல் இருப்பதும் சிகிச்சையில் சேர்ந்ததுதான். அவள் சாப்பிட்ட எதனாலும் இது வரவில்லை. இது தொற்றும் நோயும் அல்ல.

உங்களுக்குத் தெரிந்து இப்படி ஒரு வீடு இருக்கும். விஷயம் கேள்விப்பட்டு மூன்று மாதமோ ஒரு வருஷமோ ஆகியிருக்கும். இன்று போன் செய்யுங்கள். "ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்று மட்டும் வைத்துவிடாதீர்கள், அவர்கள் சொல்ல மாட்டார்கள். அடுத்த செக்கப் என்றைக்கு, யார் கூடப் போகிறார்கள், பிளேட்லெட் கொடுக்க ஆள் இருக்கிறதா, அன்றைக்குச் சின்னவள் யாரிடம் இருப்பாள் என்று கேளுங்கள். அதில் ஒரு வேலையை உங்கள் பொறுப்பில் எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி மாத்திரை முடியும் நாள்வரை அதை விடாதீர்கள்.