அஞ்சுதல் அவிசுவாசமா?

அச்சம் கொள்வது விசுவாசக் குறைவோ என்னும் வினா கிறிஸ்தவ இல்லங்களில் அடிக்கடி எழுவதுண்டு. நோயுற்றாரைக் காண வருவோர், "ஆண்டவர்மேல் நம்பிக்கை இருந்தால் ஏன் கலங்குகிறீர்கள்?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுகின்றனர். ஆறுதலாகச் சொன்ன சொல்லே பின்னர்ச் சுமையாகிவிடுகின்றது. அச்சத்தோடு, அஞ்சினோமே என்னும் குற்றவுணர்வும் சேர்ந்துகொள்கின்றது. நள்ளிரவில் ஊரிலிருந்து தொலைபேசி ஒலித்தால் நெஞ்சம் துணுக்குறும் நம்போன்ற குடிபெயர்ந்தோர்க்கு இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று.

திருமறை இதில் நம்மினும் இரக்கம் உடையது. பாகாலின் தீர்க்கதரிசிகள் 450 பேரைக் கர்மேல் மலையில் தனியொருவராக எதிர்த்து நின்ற எலியா, அரசி யேசபேலின் ஒரு மிரட்டலுக்கு அஞ்சி ஓடினார். சூரைச்செடியின் கீழே படுத்துச் சாவை வேண்டினார். வந்த தேவதூதன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் தந்தான். உண்டபின் மறுபடியும் உறங்க விட்டான்.

இதே பரிவை ஜான் பன்யனிடம் காண்கிறோம். நெல்லைச் சீமையில் 1827இல் பிறந்த எச். ஏ. கிருஷ்ண பிள்ளை 1894இல் வெளியிட்ட 'இரட்சணிய யாத்திரிகம்' இவருடைய 'மோட்ச பிரயாண'த்தைத் தழுவிய காப்பியமே. பன்யன் பாத்திரம் பழுது பார்க்கும் தொழிலாளி. தடையை மீறிப் பிரசங்கம் செய்தமைக்காக 1660இல் சிறைப்பட்டு, பெட்ஃபோர்டுச் சிறையில் 12 ஆண்டுகள் கழித்தார். இனிப் பிரசங்கிப்பதில்லை என்று ஒரு வாக்குக் கொடுத்திருந்தால் வீடு திரும்பியிருக்கலாம். வீட்டில் மனைவி எலிசபெத்தும் நான்கு குழந்தைகளும் இருந்தனர். மூத்த பெண்ணுக்குக் கண்பார்வை இல்லை. அக்குழந்தையின் நினைவே தம் நெஞ்சைப் பிளந்தது என்று அவரே எழுதியுள்ளார். சிறைக்குள் நாடா முடைந்து விற்றுக் குடும்பத்தைத் தாங்கினார். தூக்கிலிடப்பட நேர்ந்தால் முகம் வெளுத்து, கால் தள்ளாடி, தம் சமயத்துக்கு இழுக்குத் தேடிவிடுவோமோ என்றும் அஞ்சினார். அவர் குடும்பத்தை விட்டுக் கொள்கையைப் பற்றியது சரிதானா என்று கேட்டால், பிள்ளைகளைப் பெற்ற எவரும் விடை சொல்லத் தயங்குவர்; நானும் தயங்குகின்றேன். ஆயினும் அந்த 12 ஆண்டுகளும் அச்சமும் விசுவாசமும் ஒரே நெஞ்சில் குடியிருந்தன என்பதில் எனக்கு ஐயமில்லை.

அதனாலன்றோ, 1678இல் வெளிவந்த அவருடைய நூலில் மனச்சோர்வு ஓர் உளைச்சேறாக வருகின்றது! 16 நூற்றாண்டுகளாக அரசனின் ஆட்கள் நல்லுபதேசங்களை வண்டி வண்டியாகக் கொட்டியும், 20,000 வண்டிகளை விழுங்கியும், அது தூரவில்லையாம். உபதேசம் செய்வோர் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி இது.

பின்னொரு கட்டத்தில் பயணிகள் இருவர் அவநம்பிக்கை அரக்கனின் கோட்டையில் அடைபடுகின்றனர். புதன் முதல் சனி வரை ஊணும் நீரும் ஒளியும் இல்லை. அடியால் தளர்ந்த மூத்த பயணியை மற்றவனே பேசிப் பேசித் தேற்றுகின்றான். தனியே அகப்பட்டிருந்தால் அவன் கதி என்னவாகியிருக்குமோ! சனி நள்ளிரவில் தொடங்கிய வேண்டுதல் விடியற்காலம்வரை நீள்கின்றது. அப்போதுதான், வாக்குத்தத்தம் என்னும் சாவி தன் மார்பிலேயே இருப்பது அவனுக்கு நினைவுக்கு வருகின்றது. கதவுகள் திறக்கின்றன. ஆனால் கடைசி இரும்பு வாயிலின் பூட்டு எளிதில் அசையவில்லை என்பதையும் பன்யன் மறைக்காமல் எழுதுகின்றார். சாவியைக் கையில் பெற்ற பின்னும் மல்லாட வேண்டியிருந்தது.

1684இல் வெளிவந்த இரண்டாம் பாகத்தில் வேறொரு பயணியைப் பற்றி வழிகாட்டி ஒருவன் சொல்கின்றான். அச்சத்தையே பெயராகக் கொண்ட அம்மனிதர் உளைச்சேற்றின் கரையில் ஒரு மாதத்துக்கு மேல் விழுந்து கிடந்தார். கடினமான மலைக்கோ சிங்கங்களுக்கோ அவர் அஞ்சவில்லை. ஆண்டவர் தம்மை ஏற்பாரோ என்பது ஒன்றே அவருடைய கவலை. வழிகாட்டி அவரை விரட்டவில்லை.  இறுதியில் மரண ஆற்றங்கரையை அடைந்தபோது, மூழ்கியே போய்விடுவேன் என்று அவர் மீண்டும் நடுங்கினார். அன்று அந்த ஆற்றில் என்றும் கண்டிராத அளவுக்குத் தண்ணீர் வற்றியிருந்தது. பாதம் நனைந்ததற்குச் சற்றே மேலாக நனைந்து அவர் அக்கரை சேர்ந்தார்.