அடைக்கோழியும் ஆசிரியரும்



குருவானவர் சீடனுக்கு அருள்புரியும் முறையை விளக்கப் புகுந்த நம் பெரியோர் மூன்று உவமைகளைக் கூறினர். மீன் பார்வையினாலும், ஆமை நினைவினாலும், பறவை பரிசத்தினாலும் தத்தம் முட்டைகளைப் பேணும் என்பன அவை. நயன தீட்சை, மானச தீட்சை, பரிச தீட்சை என்பவற்றுக்கு அவை முறையே உவமையாம். இவற்றுள் மூன்றாவது நம் வீட்டுக் கோடியிலே நிகழ்வதாகலின், அதனையே ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

முட்டையிடுதல் வேறு; அடைகிடத்தல் வேறு. அடைக்குணம் வந்த கோழி முட்டையிடுதலை நிறுத்தி, இரையைக் குறைத்து, நாளுக்கு ஒருமுறை சிறிது நேரம் மாத்திரம் எழுந்து, 21 நாள் ஓரிடத்தே தவங்கிடக்கின்றது. நாடோறும் பலமுறை அலகினால் முட்டைகளைப் புரட்டுகின்றது. ஓடு உடையுமுன்னரே உள்ளிருக்குங் குஞ்சு ஒலிசெய்ய, தாயும் மெல்லெனக் குரல்கொடுக்கின்றது. ஆகவே குஞ்சானது தாயின் முகத்தைக் காணுமுன்னரே அதன் குரலை அறிந்துவிடுகின்றது.

பிறிதொரு கோழியின் குஞ்சுகளையோ, பொறியிலே பொரித்த குஞ்சுகளையோ அடைக்கோழியிடம் ஒப்புவிப்போர் கையாளும் முறை நாம் ஊன்றி நோக்கற்பாலது. சில நாளாயினும் அடைகிடந்த கோழியையே அவர் தெரிந்துகொள்வர். பொரித்து ஓரிரு நாட் சென்ற குஞ்சுகளை, இருள் பரந்தபின், ஓசையின்றி, ஒவ்வொன்றாக அதன் சிறகின்கீழ்ச் செலுத்துவர். இரவு முழுதும் ஒரே வெம்மையிற் கிடந்த குஞ்சுகளைப் பெரும்பாலும் அக்கோழி விடியலிலே தன்னவாகக் கொண்டு, கேறியழைத்துக் குறுணலைக் கொத்திக் காட்டும். பட்டப்பகலில் விடின், நிறம் வேறு, குரல் வேறு என்று கண்டு கொத்தவுங் கூடும், கொல்லவுங் கூடும்.

காலந் தாழ்த்தலும் தீதாம். பொரிக்குமுன் வயிற்றினுள் இழுத்துக்கொண்ட மஞ்சட்கரு குஞ்சுக்கு இரண்டு மூன்று நாட்கு உணவாகும். உடற்சூட்டைத் தானே காத்துக்கொள்ளும் ஆற்றலோ இறகு முளைக்குமளவும் அதற்கு நிரம்புவதில்லை. 1873 ஆம் ஆண்டிலே தக்ளஸ் ஸ்பால்டிங் என்னும் ஆங்கில அறிஞர், குஞ்சுகளின் கண்களை மூடிவைத்து ஆராய்ந்த செய்தியை வெளியிட்டார். தொடக்க நாட்களிற் கண் திறக்கப்பெற்றவை அசையும் பொருள் எதுவாயினும் அதனைப் பின்தொடர்ந்தன. ஏறக்குறைய 4 நாள் மூடப்பட்டிருந்தவை அவரைக் கண்டு அஞ்சி ஓடின. அன்பு பற்றுதற்கும் ஒரு பருவம் உண்டு என்பது இதனாற் பெறப்படும்.

இனி நம் தொழிலை நோக்குவாம். நம்மிடம் வரும் பிள்ளைகள் எல்லாரும் பிறர் பெற்ற பிள்ளைகளே. பாலர் வகுப்பிலே முதனாள் வந்து நிற்கும் பிள்ளையை நாம் எவ்வாறு ஏற்கின்றோம்? “நீ எந்தக் குறிச்சி? யார் மகன்?” என்று குடியும் நிலையும் அறியும் பொருட்டு வினாவி, விடைக்குத் தக்கபடி முகம் மலர்தலும் சுளித்தலும் செய்வோமாயின், பகலிலே நிறம் பார்த்துக் கொத்துங் கோழிக்கும் நமக்கும் வேறுபாடு யாது? அப்பிள்ளை பட்ட கொத்து வெளியே தெரியாது. ஆயினும் அது கல்வியையும், கற்பிப்பாரையும், அவர் நாவில் வழங்குஞ் சிவநாமத்தையும் ஒருங்கே அஞ்சி அகலும். அஞ்சி அகன்ற பிள்ளையைப் பின்னர்ப் பாடத்தினால் மீட்டல் அரிது. திருநீறு பூசிய நெற்றியோடு நாம் இதனைச் செய்வோமாயின், அப்பழி நம்மோடு நில்லாது சமயத்தையுஞ் சாரும்.

அன்பு வலிந்து வருவதோ எனின், அடைகிடத்தலால் வரும் என்க. பாடத்தை முன்னரே ஆராய்ந்தும், பிள்ளைகளின் பெயரையும் பசியையும் அறிந்தும், வகுப்பறையிலே பொறுமையோடு தங்கியும் பழகிய ஆசிரியருக்கு, யார் பிள்ளையும் தம் பிள்ளையாகத் தோன்றும்.

இன்னும் ஒன்று. சில கிழமை சென்று இறகு முளைத்தபின் கோழி தன் குஞ்சுகளை விலக்கி விடுகின்றது. தாமே இரைதேட வல்லவான பின்னரும் சிறகின்கீழ் வைத்திருத்தல் வளர்ச்சிக்கு இடையூறாம். மாணாக்கர் நம்மைக் கடந்து செல்லுதலே நமக்குரிய பயன்.

அன்பர்காள், நாளைக் காலையிலே வகுப்பிற் புகும்போது, கடைசி வாங்கில் ஒதுங்கியிருக்கும் பிள்ளையை முதலிற் பெயர்சொல்லி அழையுங்கள். எல்லா உயிர்க்குந் தாயாகிய சிவபெருமான் திருவருள் நமக்குத் துணைநிற்பதாக.