துரும்பை எடுக்கும் கை

'என்னை ஜட்ஜ் பண்ண நீ யாரு?'

வீட்டில், ஆபீஸில், நண்பர்கள் கூட்டத்தில்... இந்தக் கேள்வியை நீங்கள் யாரிடமாவது கேட்டிருப்பீர்கள். அல்லது, உங்களிடம் யாராவது கேட்டிருப்பார்கள். கேட்டதும் எதிராளி கப்சிப்! கிறிஸ்தவ வீடுகளில் என்றால், பைபிளையே சாட்சிக்குக் கூப்பிடுவார்கள். 'பிறருக்குத் தீர்ப்பு எழுதாதேன்னு இயேசுவே சொல்லியிருக்காரே!'

சொன்னார்தான். மத்தேயு நற்செய்தியின் 7-ம் அதிகாரம் அப்படித்தான் ஆரம்பிக்கிறது. ஆனால், பலரும் அந்த முதல் வரியோடு புத்தகத்தை மூடிவிடுகிறார்கள்.

தன் கண்ணில் உத்திரத்தை வைத்துக்கொண்டு, அடுத்தவன் கண்ணில் துரும்பு தேடுகிற ஆசாமியை அங்கே கிண்டலடிக்கிறார் இயேசு. தச்சுவேலை தெரிந்தவர் அல்லவா... மரத்தூள் கண்ணில் விழுந்தால் என்ன பாடு என்று அவருக்குத் தெரியும். 'முதலில் உன் கண்ணில் இருப்பதை எடு, பார்வை தெளியும், அப்புறம் அவனுக்கு உதவி செய்' என்பதுதான் அவர் சொன்னதன் சாரம்.

கவனியுங்கள். துரும்பை அப்படியே விட்டுவிடு என்று அவர் சொல்லவே இல்லை. பாவம், உறுத்துகிறதே அவனுக்கு... யாராவது எடுத்துவிடத்தானே வேண்டும்? அதே அதிகாரத்தில், ஆட்டுத்தோல் போர்த்திய ஓநாய்களிடம் ஜாக்கிரதையாக இருக்கவும், கனியைப் பார்த்து மரத்தை அறியவும் சொல்கிறார். எடை போடாமல் ஓநாயை எப்படிக் கண்டுபிடிப்பதாம்?

நாலாம் நூற்றாண்டு எகிப்தின் பாலைவனத் துறவிகளில் மோசே என்று ஒருவர். முன்னாள் கொள்ளைக்காரர். அங்கே ஒரு இளம் துறவி ஏதோ தப்பு செய்துவிட்டான். பஞ்சாயத்து கூடியது. மோசே வர மறுத்தார். ஆள் அனுப்பிக் கூப்பிட்டதும், ஓட்டைப் பாத்திரத்தில் தண்ணீரைச் சுமந்துகொண்டு வந்தார். வழியெல்லாம் ஒழுகல். 'என்ன சாமி இது?' என்றார்கள். என் தவறுகள் இப்படித்தான் எனக்குப் பின்னால் ஒழுகுகின்றன, அதைப் பார்க்காமல் இன்னொருவனை விசாரிக்க வந்திருக்கிறேன் என்ற பொருளில் பதில் சொன்னார் அவர். கூட்டம் அந்த இளைஞனை மன்னித்துவிட்டது.

அருமையான கதை. ஆனால், தப்பு செய்தவனால் இன்னொருவர் நொறுங்கிப் போயிருந்தால்? அங்கேயும் ஓட்டைப் பாத்திரத்தைக் காட்டிவிட்டு எழுந்து போய்விடலாமா?

2013 ஜூலையில், பிரேசிலிலிருந்து திரும்பும் விமானத்தில், ஓரினச்சேர்க்கையாளர்கள் பற்றி நிருபர்கள் கேட்டார்கள். நல்ல மனசோடு கடவுளைத் தேடும் ஒருவரைத் தீர்ப்பிட நான் யார் என்று திருப்பிக் கேட்டார் போப் ஃபிரான்சிஸ். உலகம் அசந்துபோனது.

அதே போப், 2018 ஜனவரியில் சிலி நாட்டுக்குப் போனார். சிறுவர்களிடம் பாலியல் கொடுமை செய்த ஒரு பாதிரியாரின் குற்றத்தை மறைத்ததாக ஒரு பிஷப் மீது பாதிக்கப்பட்டவர்கள் புகார் சொல்லியிருந்தார்கள். பிஷப் மறுத்தார். ஆதாரம் வரட்டும், அதுவரை இதெல்லாம் அவதூறு என்று போப்பும் சொல்லிவிட்டார். யோசித்துப் பாருங்கள். பிஷப்புக்குத் தீர்ப்பு எழுதக்கூடாது என்று நினைத்தவர், புகார் சொன்னவர்களுக்குப் பொய்யர்கள் என்று தீர்ப்பு எழுதிவிட்டார்!

எதிர்ப்பு வெடித்தது. மால்ட்டாவின் ஆர்ச்பிஷப்பை விசாரணைக்கு அனுப்பினார். 64 பேர் சாட்சி சொன்னார்கள். ஏப்ரலில், நிலைமையை எடைபோட்டதில் பெரிய தவறுகள் செய்துவிட்டதாகப் போப் கடிதம் எழுதி மன்னிப்புக் கேட்டார். பாதிக்கப்பட்ட மூன்று பேரை வத்திக்கானுக்கு வரவழைத்து, உட்கார வைத்துக் கேட்டார். ஜூனில் அந்த பிஷப்பின் ராஜினாமாவை ஏற்றுக்கொண்டார்.

தன் கண்ணிலிருந்து உத்திரத்தை எடுப்பது என்றால் இதுதான். 'நான் யார் சொல்ல?' என்று ஒதுங்குவது சுலபம். அதற்குப் பணிவு என்று பெயர் வைப்பது அதைவிட சுலபம். உட்கார்ந்து கேட்க வேண்டும். கேட்டது நம் முடிவைப் புரட்டிப் போட்டால், அதை ஊரறியச் சொல்ல வேண்டும். அது கஷ்டம். பணிவு அங்கேதான் தேவைப்படுகிறது.

நம் விஷயத்துக்கு வருவோம். பக்கத்து வீட்டுப் பெண் ராத்திரி பத்து மணிக்கு யாருடனோ பைக்கில் வந்து இறங்குகிறாள். நமக்குத் தெரிந்தது பத்து மணியும் பைக்கும் மட்டும்தான். மீதிக் கதையை நாமே எழுதி, தீர்ப்பும் சொல்லி, தெரு முழுக்க விநியோகமும் செய்துவிடுகிறோம்.

இன்னொரு நாள், உங்கள் வீட்டுக் குழந்தை, 'அந்த அங்கிள் வீட்டுக்கு இனிமே போகமாட்டேன்' என்கிறது. 'சீ... பெரியவங்களைத் தப்பா பேசாதே' என்று அதட்டிவிடுகிறோம். தீர்ப்பிடக் கூடாது என்ற ஞானம், பாருங்கள், அப்போதுதான் நமக்கு வருகிறது!

இரண்டையும் இடம் மாற்றிப் பாருங்களேன். பைக் விஷயத்தில் வாயை மூடிக்கொள்ளலாம். குழந்தை விஷயத்தில் டி.வி-யை அணைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, 'என்னடா கண்ணா ஆச்சு?' என்று கேட்கலாம். பதில் முழுசாக வரும்வரை, நடுவில் பேசாமல்.