சூடு ஆறுமுன்

ஒரு நாவலைப் படித்து முடித்த கையோடு அதைப் பற்றி யாரிடமாவது பேசியே ஆக வேண்டும் என்று ஒரு தவிப்பு வரும். நள்ளிரவு என்றும் பார்க்காது. அந்த நேரத்தில் அகப்படும் ஆள் பாவம். "முடிவை மட்டும் சொல்லமாட்டேன்" என்று ஆரம்பித்து முடிவையும் சொல்லிவிட்டுத்தான் விடுவோம். மறுநாள் காலை அந்தப் புத்தகத்தின் அட்டை, பக்கத்தில் ஒரு காபி டம்ளரோடு, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஏறிவிடும். கீழே "ஒரே மூச்சில் படித்தேன்" என்று ஒரு வரி. ஒரே மூச்சில் படிக்க முடிந்தது நாவலின் பெருமையா, அன்றைக்கு விடுமுறையாக இருந்ததன் பெருமையா என்று யாரும் கேட்பதில்லை.

சூட்டோடு சொல்லப்படும் இந்தக் கருத்துகளை நம்புவது கஷ்டம். படித்த மறுநாள் பேசுகிறவர் பெரும்பாலும் கதையைத்தான் சொல்கிறார். ஒரு வருஷம் கழித்து அவரிடமே கேட்டால் கதை பாதி மறந்திருக்கும். மிச்சமிருப்பது வேறு ஏதோவாக இருக்கும். பூமணியின் 'வெக்கை' 1982-இல் வந்தது. 2019-இல் அதைத் தழுவிய 'அசுரன்' படம் வந்த பிறகு நாவலைத் தேடிப் பிடித்துப் படித்தவர்கள் ஏராளம். படித்த உடனே கேட்டால் பழிக்குப் பழி, சின்னப் பையன், அரிவாள் என்பார்கள். கொஞ்ச நாள் போகட்டும். கொலைக்குப் பிறகு அப்பாவும் மகனும் காடுகரையெல்லாம் ஒளிந்து திரிகையில், கிடைத்ததை வைத்துப் பொங்கித் தின்கிறார்களே, அந்த இடங்கள்தான் மேலெழும்பி வரும். உயிருக்குப் பயந்து பதுங்கியிருக்கும் இடத்திலும் பிள்ளையின் பசியைப் பார்க்கிற அப்பன். 'அடுத்து என்ன ஆகும்' என்ற அவசரத்தில் நாம் தாண்டி ஓடிவந்த பக்கங்கள் அவை.

அசோகமித்திரனின் 'பதினெட்டாவது அட்சக்கோடு' விஷயமும் இதுதான். செகந்தராபாத், நிஜாம், ரஜாக்கர்கள், 1948 என்று முதலில் சரித்திரமாகத்தான் அது மனசில் விழுகிறது. நாளாக ஆக சரித்திரம் பின்னால் போய், கிரிக்கெட் ஆடவும் வீட்டு மாட்டைத் தேடவும் அலைகிற சந்திரசேகரன் முன்னால் வந்து நிற்கிறான். இதைப் படித்த மறுநாளே கண்டுபிடித்துச் சொல்லும் வாசகர்கள் இருக்கக்கூடும். நான் அந்த ரகம் இல்லை.

அப்படியானால், படித்து ஒரு வருஷம் ஆகாத நாவலை யாருக்கும் சிபாரிசு செய்யக் கூடாது என்று ஒரு சட்டம் போட்டுவிடலாம். புத்தகக் காட்சி அரங்குகளில் சத்தம் பாதியாகக் குறையும். 'அவசியம் வாசிக்க வேண்டிய நாவல்' என்று பின்னட்டையில் எழுதுகிறவர்களுக்கு வேலை போய்விடும். நமக்கெல்லாம் ஆற அமர யோசித்த, நிதானமான அபிப்பிராயங்கள் மட்டுமே கிடைக்கும்.

ஆனால் அந்தச் சட்டம் அமலில் இருந்திருந்தால் ப. சிங்காரம் நமக்குக் கிடைத்திருப்பாரா என்பது சந்தேகம். சிங்கம்புணரிக்காரர். சின்ன வயதில் கப்பலேறி இந்தோனேசியாவின் மேடானுக்குப் போய் வேலை பார்த்தவர். இரண்டாம் உலகப் போரை அங்கே நேரில் கண்டுவிட்டு ஊர் திரும்பி, மதுரையில் 'தினத்தந்தி'யில் சேர்ந்தார். இலக்கியக் கூட்டங்களில் தலைகாட்டாத தனிக்கட்டை. 'புயலிலே ஒரு தோணி'யை எழுதி வைத்துக்கொண்டு பல காலம் காத்திருந்தார். 1972-இல்தான் அது புத்தகமானது. வந்த புத்தகத்தையும் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. அதற்குப் பிறகு அவர் நாவல் எழுதவே இல்லை. 1997-இல் இறந்துபோனார்.

இன்று தமிழின் தலைசிறந்த நாவல்களைப் பற்றிய பேச்சு 'புயலிலே ஒரு தோணி'யைத் தொடாமல் போவதில்லை. இடையில் நடந்தது என்ன? விருது எதுவும் அதைத் தூக்கிவிடவில்லை, சினிமாவும் எடுக்கப்படவில்லை. எழுத்தாளர் சி. மோகன் போன்ற சிலர் படித்தார்கள், வாய் ஓயாமல் சொன்னார்கள். கேட்டவர்களில் சிலர் தேடிப் படித்துவிட்டுத் தாங்களும் சொன்னார்கள். சொன்னவற்றில் மிகை இருந்திருக்கும். மேடானின் தெருக்களையும் நாயகன் பாண்டியனின் துணிச்சலையும் சொல்லிவிட்டு, அந்த நாவலுக்குள் ஓடும் கிண்டலை விட்டவர்களும் இருந்திருப்பார்கள். இருக்கட்டுமே. சரியான அபிப்பிராயம் உருவாகும்வரை எல்லோரும் வாயை மூடிக்கொண்டிருந்தால், அது உருவாகிற நேரத்தில் கையில் புத்தகம் இருந்திருக்காது.

விமர்சகர் க.நா.சு.வை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. பட்டியல் போடுகிறவர் என்று அவரைக் கேலி செய்தார்கள். நல்ல நாவல்கள் இவை இவை என்று எழுதுவார். ஏன் என்று கேட்டால் விளக்கம் அதிகம் இருக்காது. ரசனை, அவ்வளவுதான். கைலாசபதி உள்ளிட்ட மார்க்சிய விமர்சகர்கள் அவரைக் கடுமையாகத் தாக்கினார்கள். காரணம் சொல்லாத தீர்ப்பு என்ன தீர்ப்பு என்ற அவர்களுடைய கேள்வியில் நியாயம் உண்டு. ஆனாலும் 'படித்திருக்கிறீர்களா?' என்று ஒரு புத்தகத்துக்கே தலைப்பு வைத்த மனிதர் அவர். நார்வே எழுத்தாளர் ஹாம்சனின் நாவலை 'நிலவளம்' என்று தமிழுக்குக் கொண்டுவந்தார். நீல பத்மநாபனின் 'தலைமுறைகள்' நாவலை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனார். பிடித்த நாவலை வரிவரியாக இன்னொரு மொழியில் உட்கார்ந்து எழுதுவதைவிடப் பெரிய சிபாரிசு ஏது? அவர் தேடியது தன் தீர்ப்பை ஒப்புக்கொள்ளும் ஆட்களை என்று எனக்குத் தோன்றவில்லை. தான் போய்வந்த இடத்துக்கு இன்னும் நாலு பேர் போய்வர வேண்டும் என்ற ஆசைதான் அது.

சினிமாவைக் கொட்டகையில் கூட்டத்தோடு பார்க்கிறோம். சிரிப்பு வரும் இடத்தில் பக்கத்து இருக்கையும் சிரிக்கிறது. நாவலுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நானூறு பக்கம் ஒரு ஊரில் குடியிருந்து, அங்கே கல்யாணம், சாவு எல்லாவற்றிலும் கலந்துகொண்டுவிட்டுத் தலையை நிமிர்த்தினால், அந்த ஊரே தெரியாதவர்கள் நடுவில் உட்கார்ந்திருக்கிறோம். கிளை நூலகப் புத்தகங்களின் ஓரங்களில் பென்சிலால் எழுதிவைப்பது குற்றம்தான். ஆனால் நான் எடுத்த ஒரு நாவலில், ஒரு அம்மா இறந்துபோகும் பக்கத்தில் "பாவம்" என்று யாரோ எழுதியிருந்தார்கள். அதற்குக் கீழே வேறொரு கையெழுத்தில், "ஆமாம்". விமர்சனம் என்று பார்த்தால் இரண்டுக்கும் மதிப்பெண் பூஜ்யம். அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்திருக்கவே மாட்டார்கள். படித்த நாவலைப் பற்றி நாம் மூச்சுவிடாமல் பேசுவதெல்லாம் அந்த "ஆமாம்"க்காகத்தான். நாவல் எப்படி என்று தெரிவிப்பது அதில் இரண்டாம்பட்சம். புத்தகங்கள் பிழைத்துக் கிடப்பதும், பக்குவமடைந்த தீர்ப்புகளைவிட, இந்த அரைவேக்காட்டுப் பேச்சின் தயவில்தான்.

ஆகவே நானும் சூடு ஆறுமுன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு', 1964-இல் வந்த சிறிய நாவல். கன்னியாகுமரிப் பக்கத்துப் பனைவிளைக் கிராமம், பெருமை மட்டும் மிஞ்சிய ஒரு பழைய வீடு, கண்ணப்பச்சி என்கிற தாத்தா, பேத்தி லிஸி. பனையேறி மகன் தங்கராஜ்மேல் அவளுக்குப் பிரியம். கதை என்று இவ்வளவுதான், அதையும் பாதி சொல்லிவிட்டேன். அதில் எது என்னிடம் தங்கப்போகிறது என்று அடுத்த வருஷம் கேட்டால்தான் தெரியும். வட்டார வழக்கு முதல் சில பக்கங்களுக்குக் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். வயதுக்கு வந்த லிஸி வீட்டோடு நிறுத்தப்படும் இடம்வரை படித்துப் பாருங்கள். பிடிக்காவிட்டால் அங்கேயே மூடிவிடலாம்.